சிஸ்வே பான்சி கடைசியில் சிரிக்கிறானே, அது யாருடைய சிரிப்பு?

மேடைவிளக்கு எழுதியது (ஞாயிறு, இரவு 10.15)

நண்பர்களுக்கு வணக்கம். இன்று மாலை எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ நாடகத்தை வாசித்துக் காட்டினோம். இரண்டு நடிகர்கள், ஒரு மேசை, ஒரு பழைய கேமரா, அவ்வளவுதான் மேடை. நாற்பது பேர் வந்திருந்தார்கள். முடிந்து எல்லோரும் எழுந்தபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அந்த ஆள் கடைசியில் ஜெயித்தானா, தோற்றானா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரம், அதன் ஓரத்தில் கறுப்பின மக்கள் வாழும் நியூ பிரைட்டன். அங்கே ஸ்டைல்ஸ் என்பவனின் புகைப்பட நிலையத்துக்கு ஒருவன் படம் எடுத்துக்கொள்ள வருகிறான். பெயர் கேட்டால் தயங்குகிறான். பிறகு, ராபர்ட் ஸ்வெலின்சிமா என்கிறான். அது இறந்துபோன ஒருவனின் பெயர். இவனுடைய சொந்தப் பெயர் சிஸ்வே பான்சி. வேலை தேடி நகரத்துக்கு வந்த இவனுடைய பாஸ் புத்தகத்தில் (கறுப்பர்கள் எங்கே தங்கலாம், வேலை செய்யலாம் என்பதற்கு அரசு தந்த அனுமதிப் புத்தகம் அது), மூன்று நாளில் ஊர் திரும்ப வேண்டும் என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஓர் இரவு, இவனும் இவனுக்கு இடம் கொடுத்த புன்ட்டுவும் சந்து ஒன்றில் ஒரு பிணத்தைக் காண்கிறார்கள். இறந்தவனின் புத்தகத்தில் வேலை தேடுவதற்கான அனுமதி இருக்கிறது. புன்ட்டு இரண்டு புத்தகங்களிலும் உள்ள படங்களை மாற்றி ஒட்டுகிறான். சிஸ்வே செத்துப்போகிறான், ராபர்ட் பிழைத்துக்கொள்கிறான்.

கடைசிக் காட்சியில் அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மனைவி நொவெட்டுவுக்கு அனுப்ப வேண்டிய படம் அது. அந்தச் சிரிப்பை எப்படிச் சிரிப்பது என்று எங்கள் நடிகர் மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “தைரியமாகச் சிரியுங்கள்” என்று சொல்லிவைத்தேன். இப்போது அது தவறோ என்று தோன்றுகிறது.

(நேரம் போதவில்லை என்று சந்துக் காட்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

பாலைத்திணை எழுதியது (ஞாயிறு, இரவு 11.40)

ஜெயித்தான் என்றுதான் நான் சொல்வேன். இருத்தலியல் என்று நாம் படிக்கிறோமே, அதன் அடிப்படையே இதுதான்: மனிதனுக்கு முன்கூட்டி வகுத்த சாரம் எதுவும் கிடையாது, தன் செயலால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். பெயர் என்பது பிறர் நமக்கு இட்டது. சிஸ்வே அதைக் கழற்றி வைத்துவிட்டு, பிழைப்பைத் தேர்ந்தெடுக்கிறான். அவ்வளவு நெருக்கடியிலும் ஒரு தேர்வு இருந்தது, அவன் தேர்ந்தெடுத்தான். அந்தச் சிரிப்பு சுதந்திரத்தின் சிரிப்பு.

கயல் எழுதியது (திங்கள், காலை 6.20)

பாலைத்திணை அண்ணா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனாலும் ‘தேர்வு’ என்ற சொல்லைப் படித்ததும் மனம் கொதித்தது. எதைத் தேர்ந்தெடுத்தான் அவன்?

1952-இல் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயது கடந்த ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் அந்தப் புத்தகத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். நகரத்தில் தங்க யாருக்கு உரிமை? அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்தவர், அல்லது ஒரே முதலாளியிடம் பத்து ஆண்டுகள் விடாமல் வேலை செய்தவர், அல்லது பதினைந்து ஆண்டுகள் அனுமதியோடு குடியிருந்தவர். மற்றவர்கள் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். அந்தப் புத்தகத்தை எதிர்த்துத்தான் 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுக் கட்டடத்தின் முன் திரண்டு நின்றார்கள். அதை எதிர்த்துத்தான் 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1986 வரை அந்தச் சட்டம் இருந்தது.

‘நான் யார்’ என்ற கேள்வியைச் சிஸ்வே நள்ளிரவில் மொட்டை மாடியில் நின்று கேட்கவில்லை. காவலர் கேட்டார், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டார்கள், நகராட்சியில் கேட்டார்கள். பதில் தவறானால் சிறை. ஐரோப்பியத் தத்துவத்தைக் கொண்டுவந்து இதன் மேல் போர்த்தினால் முத்திரை குத்திய கை மறைந்துபோகும். எனக்கு அதுதான் பயம்.

நெய்தற்கரை எழுதியது (திங்கள், மதியம் 1.05)

கயல், நீங்கள் சொன்னதை 1952-லேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். மார்த்தினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான். அவருடைய ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் ஒரு வெள்ளைக் குழந்தை அவரைப் பார்த்து, ‘அம்மா, நீக்ரோ!’ என்று கத்தும் இடம் வரும். அந்த ஒரு கணத்தில் தன் உடம்பு தன்னிடமிருந்து பறிபோனதை எழுதியிருப்பார். அதைப் படித்த பிறகு நான் வெகுநேரம் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இருத்தலியலின் பெரும்பெயரான பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் மீது ஃபனானுக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் 1948-இல் செனகல் கவிஞர் செங்கோர் தொகுத்த கறுப்பினக் கவிதைகளுக்கு முன்னுரை எழுதிய சார்த்தர், கறுப்புத் தன்னுணர்வை வரலாற்றில் கடந்து போகவேண்டிய ஒரு படி என்றார். ஃபனானுக்கு அது பொறுக்கவில்லை. இப்போதுதான் என்னைக் கண்டுகொள்கிறேன், அதற்குள் இது கடந்து போய்விடும் என்கிறாயே என்று கேட்டார். தத்துவத்தைத் தூக்கி எறியவும் இல்லை அவர். அதை எடுத்து, அதன் கண்ணுக்குப் படாததைக் காட்டினார். ஆகவே பாலைத்திணையை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியராக முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன் நான். ஒரு பிள்ளையின் பெயரைத் தவறாகக் கூப்பிட்டால் முகம் எப்படிச் சுருங்கும் என்று தெரியும்.

தெருக்கூத்தன் எழுதியது (திங்கள், மாலை 5.30)

ஒரு நெருடல். இந்த நாடகத்தை எழுதிய அத்தோல் ஃபுகார்ட் வெள்ளையர். கறுப்பு மனிதனின் அடையாளம் பற்றிப் பேச வெள்ளையர் எழுதிய பிரதியைத்தான் எடுக்க வேண்டுமா? அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996-இல் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் கூடிய மாநாட்டில், கறுப்பு வாழ்வைச் சொல்லக் கறுப்பர்களுக்கென்று சொந்த அரங்குகள் வேண்டும் என்று வாதாடினார். கறுப்பு நடிகரை வெள்ளைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு நிறம் பார்க்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வதை அவர் ஏற்கவே இல்லை. அவர் இந்த நாடகத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்?

மேடைவிளக்கு எழுதியது (திங்கள், இரவு 9.50)

தெருக்கூத்தன், நாடகத்தை ஃபுகார்ட் ஒருவர் எழுதவில்லை. ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா, ஃபுகார்ட் மூவரும் சேர்ந்து ஒத்திகையில் பேசிப் பேசி உருவாக்கியது. நூலிலும் மூவர் பெயரும் இருக்கிறது. 1972 அக்டோபரில் கேப் டவுனில் ‘ஸ்பேஸ்’ அரங்கில் முதலில் மேடையேறியது. கானி ஸ்டைல்ஸாகவும் புன்ட்டுவாகவும், இன்ட்ஷோனா சிஸ்வேயாகவும் நடித்தார்கள்.

நாடகம் பிறந்ததே ஒரு புகைப்படத்திலிருந்துதான். ஒரு கையில் சிகரெட், மறு கையில் புகைக்குழாய், முகமெல்லாம் சிரிப்போடு ஒரு மனிதன். இவன் இப்படிச் சிரிக்க வேண்டுமென்றால் இவனுடைய பாஸ் புத்தகம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்ததாம். வெள்ளையர் ஒருவர் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் பாஸ் புத்தகத்தை நினைத்திருப்பாரா? அந்த யோசனை அதைச் சட்டைப் பையில் சுமந்தவர்களிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

இன்னொன்று. கறுப்பர்களுக்கு ‘நடிகர்’ என்றொரு தொழிலைத் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சி அங்கீகரிக்கவில்லை. அதனால் கானியும் இன்ட்ஷோனாவும் தங்கள் புத்தகங்களில் ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். பொய்ப் புத்தகத்தோடு வாழும் மனிதனைப் பொய்ப் பதிவோடு வாழ்ந்த இருவர் மேடையில் நடித்தார்கள். 1975-இல் நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து டோனி விருது பெற்றார்கள். மறு ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட டிரான்ஸ்கைப் பகுதியில் இதே நாடகத்தை நடித்ததற்காகக் கைதாகித் தனிச்சிறையில் கிடந்தார்கள். உலகெங்கும் நாடகக்காரர்கள் குரல் எழுப்பிய பிறகே விடுதலை.

ஆனால் உங்கள் கேள்வியின் உறுத்தல் எனக்குப் போகவில்லை. பல நூல்களின் அட்டையில் ஃபுகார்டின் பெயர் மட்டும் பெரிதாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாலைத்திணை எழுதியது (செவ்வாய், காலை 7.10)

கயல் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். ‘சுதந்திரத்தின் சிரிப்பு’ என்று நான் எழுதியது அவசரம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தை 1980-இல் கேப் டவுனில் பாக்ஸ்டர் அரங்கில் போட்டார்கள். மரத்தடியில் காத்திருக்கும் அந்த இருவராக நடித்தவர்கள் யார் தெரியுமா? இதே கானி, இதே இன்ட்ஷோனா. அவர்களே அந்த நாடகத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த நாட்டில் அவர்களைவிட அறிந்தவர் யார்? ஐரோப்பாவில் அரூபமாகத் தெரிந்த ஒரு நாடகம் அங்கே போனதும் ரத்தமும் சதையுமாக ஆகிவிடுகிறது. தத்துவம் முத்திரை குத்திய கையை மறைக்கும் என்கிறீர்கள். சில நேரம் அதுவே கையைக் காட்டியும் கொடுக்கிறது.

கயல் எழுதியது (செவ்வாய், காலை 8.00)

இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. நன்றி அண்ணா. இதற்கு மறுப்பு என்னிடம் இல்லை.

மஞ்சள்வெயில் எழுதியது (செவ்வாய், பிற்பகல் 3.45)

காகிதம் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் ‘கண்ணுக்குப் புலப்படாத மனிதன்’ (1952) நினைவுக்கு வருகிறது. அந்த நாவலின் நாயகனுக்குக் கடைசி வரை பெயரே கிடையாது. அல்லது நமக்குச் சொல்லப்படுவதில்லை. அவனைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளும் இயக்கம் புதுப் பெயர் ஒன்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பெயரும் நமக்குத் தெரியாது.

நாவலின் இறுதியில் அவன் கலவரத்துக்குத் தப்பி ஓடி, ஒரு நிலக்கரிக் குழிக்குள் விழுகிறான். இருட்டு. வெளிச்சம் வேண்டும். தன் பெட்டியில் இருக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான். முதலில் எரிவது அவனுடைய பள்ளிச் சான்றிதழ். பிறகு தனக்கு வந்த மொட்டைக் கடிதத்தையும், பெயர் எழுதித் தந்த துண்டையும் எரிக்கும்போதுதான், இரண்டும் ஒரே கையெழுத்து என்று அந்த வெளிச்சத்தில் கண்டுகொள்கிறான். பெயர் கொடுத்தவனும் மிரட்டியவனும் ஒருவனே.

முதல் முறை படித்தபோது அந்தப் பக்கத்தில் நான் அழுதேன். சிஸ்வே காகிதத்தை மாற்றி ஒட்டிப் பிழைக்கிறான். இவன் காகிதத்தை எரித்துப் பார்க்கிறான். எரித்தவன் பிறகு நிலவறையில் 1,369 மின்விளக்குகளைப் பொருத்திக்கொண்டு தனியே வாழ்கிறான். சிஸ்வேக்கு அந்த வசதி இல்லை. மனைவியும் பிள்ளைகளும் கிங் வில்லியம்ஸ் டவுனில் காத்திருக்கிறார்கள். பிள்ளை குட்டிக்காரனால் நிலவறையில் போய் உட்கார முடியாது.

தெருக்கூத்தன் எழுதியது (செவ்வாய், இரவு 8.20)

மேடைவிளக்கு, விளக்கத்துக்கு நன்றி. மூவர் ஆக்கம் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லோரும் காகிதத்தையே பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அமிரி பராக்காவின் ‘டச்சுமேன்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964, நியூயார்க். அப்போது அவர் பெயர் லீராய் ஜோன்ஸ். சுரங்க ரயிலில் கிளே என்ற இருபது வயது இளைஞன். கோட்டும் கழுத்துப்பட்டையும் கல்லூரிப் படிப்பும் உள்ளவன். தன்னைப் பிரெஞ்சுக் கவிஞர் போதலேராக நினைத்துக்கொண்டு கவிதை எழுதியவன். குறை சொல்ல ஒன்றும் இல்லை அவனிடம். லூலா என்ற வெள்ளைப் பெண் ஆப்பிள் தின்றுகொண்டே அவனருகில் வந்து உட்காருகிறாள். கொஞ்சுகிறாள், சீண்டுகிறாள், அவமதிக்கிறாள். கடைசியில் அவன் வெடிக்கிறான். பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டும் சார்லி பார்க்கரின் இசையும் உங்களைக் கொல்லாமல் இருப்பதற்காக நாங்கள் செய்துகொண்டவை என்று கத்துகிறான். உள்ளே இருந்த மனிதன் வெளியே வந்த அந்த நிமிடத்தில் அவள் கத்தியால் குத்திவிடுகிறாள். பயணிகள் பிணத்தை வெளியே வீசுகிறார்கள். அடுத்த கறுப்பு இளைஞன் பெட்டிக்குள் ஏறுகிறான்.

கிளேயின் கோட்டும் ஒரு பாஸ் புத்தகம்தான். அது அவனைக் காப்பாற்றவில்லை. சிஸ்வேயும் இதைச் சொல்கிறானே: கறுப்பன் வம்பில் மாட்டாமல் இருக்க முடியாது, எங்கள் தோலே வம்பு என்று. ராபர்ட்டின் புத்தகம் எத்தனை நாள் தாங்கும்? விரல் ரேகை எடுக்கும் நாள் வரை.

பழையவாசகி எழுதியது (புதன், காலை 10.30)

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் ஆண்களின் கதை. நொவெட்டு எங்கே?

அவளை மேடையில் நாம் பார்ப்பதே இல்லை. கடிதம் மட்டும் அவளுக்குப் போகிறது. சட்டத்தின் கண்ணில் அவள் இனி விதவை. ஆனால் ஊரில் உள்ளவர்களிடம் என்ன சொல்வாள்? மகன் பெயருக்கு முன்னால் எந்தத் தகப்பன் பெயரை எழுதுவாள்? கயல், நீங்கள் சொன்ன அந்த இருபதாயிரம் பெண்களில் இப்படி எத்தனை பேர் நின்றிருப்பார்கள்!

லோரெய்ன் ஹான்ஸ்பெரியை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். 1959 மார்ச் மாதம் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அவருடைய ‘வெயிலில் ஒரு உலர்திராட்சை’ மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேக்குப் போனது அதுவே முதல் முறை. சிகாகோவில் ஒரு குடும்பம், இறந்த தகப்பனின் காப்பீட்டுத் தொகை பத்தாயிரம் டாலர், வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீடு. அங்கே வரவேண்டாம், வீட்டை நாங்களே கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று மரியாதையான குரலில் பேச ஒருவர் வருகிறார். மகன் வால்டர் முதலில் அந்தப் பணத்துக்கு ஆசைப்படுகிறான். தாய் அவனைத் தடுக்கவில்லை. உன் பையன் பக்கத்தில் நிற்கட்டும், அவன் பார்க்கட்டும், அவனுக்குப் புரியும்படி செய் என்கிறாள். மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வால்டரால் விற்க முடியவில்லை.

இது ஆசிரியரின் சொந்தக் கதையின் சாயல். அவருடைய தந்தை 1937-இல் சிகாகோவில் அப்படி ஒரு வீடு வாங்கினார். கறுப்பருக்கு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தம் இருந்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் அவர்கள் பக்கம் தீர்ந்தது. அதற்குள் கும்பல் வீட்டைச் சூழ்ந்திருக்கிறது. தாய் கையில் துப்பாக்கியோடு இரவெல்லாம் வீட்டைச் சுற்றிக் காவல் காத்திருக்கிறார். ‘இருத்தல்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள்தான் கண்முன் வருகிறார். ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில் 34 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

நெய்தற்கரை எழுதியது (புதன், மாலை 4.15)

அம்மா, உங்கள் பதிவுக்கு நன்றி.

தென்னாப்பிரிக்கா என்றதும் நம்மவர் தொடர்பு ஒன்று உண்டு, சொல்லட்டுமா? 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹானஸ்பர்கில் ஹமீதியா மசூதி வளாகத்தில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சிறை சென்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை அதன் பிற்கட்டத்தில்தான் சிறை சென்று, 1914-இல் உயிரிழந்தார். அவர்கள் போராட்டம் இந்தியர்களுக்காக மட்டும் நடந்தது. ஆப்பிரிக்கர் சுமந்த பாஸ் அதில் சேரவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

மேடைவிளக்கு எழுதியது (அடுத்த ஞாயிறு, இரவு 11.00)

இன்று இரண்டாம் வாசிப்பு முடிந்தது. உங்கள் பதிவுகளை அச்செடுத்து நடிகர்களுக்குக் கொடுத்திருந்தேன். அவரவர் கோடிட்டுக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். சிரிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை; நொவெட்டுவை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று நடிகரிடம் சொன்னேன். இரண்டாவது, சந்துக் காட்சியை முழுமையாக வாசித்தோம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்கிறான் புன்ட்டு. சிஸ்வே நகர மறுக்கிறான். என்னையும் இப்படித்தான் போட்டுவிட்டுப் போவாயா என்று கேட்கிறான். பிறகு உடைகளைக் களைந்துகொண்டே, பாருங்கள், நான் மனிதன் இல்லையா என்று எங்களை நோக்கிக் கத்துகிறான். எங்கள் நடிகர் சட்டையை மட்டும் கழற்றினார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு புன்ட்டு அவனுக்கு ராபர்ட்டின் எண்ணை மனப்பாடம் செய்விக்கும் இடம். காவலர் கேட்டால், சம்பளம் வாங்கும்போது கேட்டால், தேவாலயத்தில் கேட்டால் என்று திரும்பத் திரும்ப. மூன்றாம் முறை கூடத்தில் சிலர் அந்த எண்ணைத் தாங்களும் முணுமுணுத்தார்கள். அது நாங்கள் எதிர்பாராதது.

அந்தப் பெரியவர் இன்றும் வந்திருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“தம்பி, சந்தில் கிடந்தானே, அந்த ராபர்ட். அவன் வீட்டுக்கு யார் சொன்னார்கள்?” என்றார்.

இத்தனை வார ஒத்திகையில் எங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. ராபர்ட்டுக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் இருந்திருப்பாள். அவள் பார்வையில் மகன் நகரத்தில் உயிரோடு இருக்கிறான், சம்பளம் வாங்குகிறான், கடிதம்தான் போடுவதில்லை. நியூ பிரைட்டனில் எடுத்த அந்தச் சிரித்த முகப் படம் தற்செயலாக அவள் கைக்குப் போனால், கீழே மகனுடைய பெயரும் மேலே வேறொருவன் முகமும் இருக்கும்.

அவரிடம் தெரியவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வாசிப்பு. சந்துக் காட்சி முடிந்ததும் ராபர்ட் ஸ்வெலின்சிமாவுக்காக விளக்கை ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கலாமா என்று நடிகர்கள் கேட்கிறார்கள். பிரதியில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. என்ன நினைக்கிறீர்கள்?

கயல் எழுதியது (ஞாயிறு, இரவு 11.25)

வையுங்கள் அண்ணா. நான் புறப்பட்டு வருகிறேன். எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.